எந்த விமானி கெட்டிக்காரர்?

கோவா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கடற்கரை, மாதா கோயில், முந்திரிப் பருப்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். குடும்பத்தோடு கோவாவுக்குப் போகிறவர்கள் முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவதை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நான்காவதாக ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அதன் வாசல் வழியாகவே போகிறார்கள். ஆனால் உள்ளே நுழைவதில்லை.

வாஸ்கோ நகரிலிருந்து தபோலிம் விமான நிலையத்தை ஒட்டி, போக்மலோ கடற்கரைக்கு ஒரு சாலை போகிறது. கடற்கரைக்குச் சற்று முன்னாலேயே, வெட்டவெளியில் வரிசையாக விமானங்கள் நிற்பது கண்ணில் படும். அதுதான் கடற்படையின் விமானக் காட்சிசாலை. 1998-ஆம் வருஷம் திறந்தார்கள். குழந்தைகள் ஓடியாட இடம் உண்டு. பெரியவர்கள் நின்று யோசிக்கவும் அங்கே விஷயம் உண்டு.

சிறகை மடித்துக்கொள்ளக்கூடிய 'ஸீ ஹாக்' ஜெட் விமானம் அங்கே நிற்கிறது. மூக்கில் காற்றாடி வைத்த 'அலிஸே' நிற்கிறது. அந்தரத்தில் அப்படியே நின்று, பிறகு செங்குத்தாகக் கீழே இறங்கக்கூடிய 'ஸீ ஹாரியர்' நிற்கிறது. அது 2016-ல் ஓய்வு பெற்றது. எல்லாவற்றுக்கும் பெரியக்காள் மாதிரி 'சூப்பர் கான்ஸ்டலேஷன்' என்ற நான்கு எஞ்சின் விமானம் ஒன்று. ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற விமானம் அது. பிறகு விமானப் படைக்குப் போயிற்று. அங்கிருந்து கடற்படைக்கு வந்தது. இரண்டு புக்ககம் கண்டு, கடைசியில் கோவாவில் இளைப்பாறுகிறது!

சூலூரில் இருந்த 'கப்பல்'

காட்சிசாலைக்குப் பக்கத்தில் இருப்பது கடற்படையின் விமானத் தளம். அதன் பெயர் ஐ.என்.எஸ். ஹம்ஸா. கப்பலுக்கு வைக்கிற பெயராக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். கடற்படையில் அதுதான் வழக்கம். தரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயரே வைப்பார்கள்.

ஆனால் இந்த ஹம்ஸா பிறந்தது கோவாவில் அல்ல. கோயமுத்தூருக்குப் பக்கத்தில், சூலூரில்! 1961 செப்டம்பர் 5-ஆம் தேதி, கடலையே காணாத அந்த மண்ணில்தான் கடற்படையின் ஜெட் விமானங்களுக்குத் தளம் அமைந்தது. அதே வருஷம் டிசம்பரில் கோவா விடுதலை அடைந்தது. அப்போது தபோலிம் ஓடுபாதையின் மேல் குண்டு போட்டது நம் விமானப் படை. பின்னால் அதே தபோலிமைச் சீர்திருத்தி வைத்துக்கொண்டது நம் கடற்படை. 1964-ல் ஹம்ஸாவும் சூலூரிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது.

பாட்டியின் இரண்டு கேள்விகள்

நான் போயிருந்த அன்று கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஒரு பாட்டி, அவருடைய மகள், பிளஸ் டூ படிக்கிற பேரன். பையன் ஒவ்வொரு விமானத்தின் பெயரையும் பலகையைப் பார்க்காமலே சொன்னான். பாட்டிக்குப் பெருமை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம்.

உறவினர்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பழைய 'விக்ராந்த்' கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வாஸ்கோவிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்.

பாட்டி அவரை விடவில்லை.

"ஏனுங்க, இவன் பைலட் ஆவோணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். ஒரு நாளைக்கு ஏர்போர்ஸுங்கறான், ஒரு நாளைக்கு நேவிங்கறான், ஒரு நாளைக்கு மிலிடரிங்கறான். மூணுலயும் ஏரோப்ளேன் இருக்குதாமா. எதுல இருக்கறவங்க கெட்டிக்காரங்க?"

பெரியவர் சிரித்தார். "என்கிட்ட கேட்டா நேவின்னுதான் சொல்வேன் அம்மா. ஏர்போர்ஸ்காரர்கிட்ட கேட்டா அவர் வேற சொல்வார்" என்றார்.

பாட்டி ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவான குரலில், "அது கிடக்குதுங்க. எதுல இருக்கறவங்க பத்திரமா வூட்டுக்கு வருவாங்க?" என்று கேட்டார்.

முதல் கேள்வி பேரனுடையது, இரண்டாவதுதான் பாட்டியுடையது. இரண்டுக்கும் பதில் தேடிப் பார்ப்போமா?

நகரும் ஓடுபாதை

கடற்படை விமானியின் வேலையை முதலில் பாருங்கள். தரையில் உள்ள பெரிய விமானத் தளத்தின் ஓடுபாதை ஒன்றரை மைலுக்கு மேல் இருக்கும். பழைய விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 700 அடிதான். அதாவது ஒரு பர்லாங்குக்குக் கொஞ்சம் அதிகம். அதிலும் இறங்குவதற்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியும் சும்மா இருப்பதில்லை. அலையில் மேலும் கீழும் ஆடும். கப்பல் முன்னே போய்க்கொண்டேயிருக்கும். இறங்கு பாதையைக் கப்பலின் போக்குக்குச் சற்றுச் சாய்வாக அமைத்திருப்பதால், விமானி எவ்வளவு நேராக வந்தாலும் பாதை வலப் பக்கமாக நழுவிக்கொண்டே போகும். ஓடுகிற மாட்டு வண்டியில் வைத்த தட்டில் தூரத்திலிருந்து எலுமிச்சம்பழத்தைப் போடுகிற மாதிரி!

வண்டியை நிறுத்தத் தளத்தின் குறுக்கே எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி உண்டு. கொக்கி கம்பியில் மாட்டினால் விமானம் நிற்கும்.

"மாட்டலேன்னா?" என்றான் பையன்.

"அதுதான் தம்பி விஷயம். ஸ்கூட்டரை நிறுத்த நீ என்ன செய்வே? பிரேக் போடுவே. இங்கே சக்கரம் தளத்துல பட்ட உடனே எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளணும். கம்பி மாட்டிச்சுன்னா இழுத்துப் பிடிச்சுரும். மாட்டலேன்னா அந்த வேகத்துலயே மேலே ஏறிரலாம். வேகத்தைக் குறைச்சிருந்தா நேரே கடல்தான்."

நிற்பதற்காக வந்தவன், போவதற்குத் தயாராக இருக்க வேண்டும்! இந்த வித்தை மனிதனுடைய இயல்புக்கே விரோதமானது. அதனால்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. 1961 மார்ச் 4-ஆம் தேதி பெல்பாஸ்ட் துறைமுகத்தில் விக்ராந்தை நம் கடற்படையில் சேர்த்து வைத்தவர், லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட். அந்த மே மாதம் 18-ஆம் தேதி அதன் தளத்தில் ஸீ ஹாக் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார் லெப்டினண்ட் தஹிலியானி. அந்தத் தளத்தில் இறங்கிய முதல் இந்திய விமானி அவர்தான். பிற்காலத்தில் கடற்படைக்கே தலைவரானார்.

உதட்டுச் சாயம் செய்த உபகாரம்

இவ்வளவு சின்ன இடத்தைச் சரியான உயரத்தில் வந்து பிடிப்பது எப்படி? இதற்கு விடை ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

முன்பெல்லாம் ஓர் அதிகாரி தளத்தின் ஓரத்தில் நின்று, இரண்டு கைகளிலும் மட்டைகளை ஏந்தி, 'மேலே, கீழே' என்று சைகை காட்டுவார். ஜெட் விமானம் வந்த பிறகு அந்தச் சைகையைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் போதிய நேரம் இல்லை. 1951-ல் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த குட்ஹார்ட் என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. தம் ஆபீஸில் இருந்த பெண்ணிடம் முகம் பார்க்கும் கண்ணாடியையும் உதட்டுச் சாயக் குச்சியையும் வாங்கினார் என்று சொல்வார்கள். கண்ணாடியின் குறுக்கே சாயத்தால் ஒரு கோடு இழுத்தார். அதை மேஜைமேல் நிறுத்தி, அதற்கு எதிரில் குச்சியை நிறுத்தினார். குச்சியின் பிம்பம் கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே மேஜையை நோக்கி வரும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார். வர வர அவள் குனிய வேண்டியிருந்தது. கடைசியில் அவளுடைய மோவாய் மேஜைமேல் வந்து சரியாக இடித்தது.

அவ்வளவுதான்! கப்பலின் தளத்தில் பெரிய கண்ணாடி ஒன்றும் விளக்குகளும் வந்துவிட்டன. ஒளிப் பொட்டு பச்சை விளக்கு வரிசைக்கு நேராகத் தெரிந்தால் சரியான உயரம். மேலே தெரிந்தால் விமானம் உயரத்தில் வருகிறது. கீழே தெரிந்தால் தாழ்ந்து வருகிறது. இப்போது கண்ணாடிக்குப் பதில் லென்ஸுகள் வந்திருக்கின்றன. தத்துவம் அதேதான்.

1971 டிசம்பர் யுத்தத்தில் விக்ராந்தின் கொதிகலன் ஒன்று பழுதாகியிருந்தது. கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. கப்பல் வேகமாக ஓடினால்தான் தளத்தின் மேல் எதிர்க்காற்று கிடைக்கும். எதிர்க்காற்று இருந்தால்தான் விமானம் எழும்புவது சுலபம். அந்த நிலைமையிலும் டிசம்பர் 4 முதல் ஸீ ஹாக்குகள் வங்காள விரிகுடாவிலிருந்து எழும்பிக் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அலிஸே விமானங்களும் சென்றன.

ஆனால் அந்தப் பக்கம் அரபிக் கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 10-ஆம் தேதி ரோந்து போன ஓர் அலிஸே விமானத்தை, ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போகும் பாகிஸ்தான் ஜெட் ஒன்று சுட்டு வீழ்த்தியது. அலிஸேயில் இருந்த மூன்று பேரும் திரும்பவில்லை. அதே ரக விமானத்தின் முன்னால் நிற்கும்போது, பாட்டியின் இரண்டாவது கேள்வி காதில் ஒலிக்கத்தான் செய்கிறது.

இறங்குமுன் தீர்மானம்

"அப்போ ஏர்போர்ஸ்காரங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லையா, அங்கிள்?" என்று பையன் கேட்டான்.

பெரியவர், "அவங்க கஷ்டம் வேற தம்பி. லடாக் பக்கம் போய்ப் பாரு" என்றார். நாமும் கோவாவின் புழுக்கத்தை விட்டு, இமயமலைக் குளிருக்குப் போவோம்.

லே நகரில் விமானத்தில் போய் இறங்கியவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம், நாலாபுறமும் மலை. காற்று லேசாக இருப்பதால் எஞ்சினுக்கு வலுக் குறையும். சிறகுக்குத் தாங்கல் குறையும். விமானம் வழக்கத்தைவிட அதிக வேகத்தில் தரையைத் தொடும். மத்தியானத்துக்கு மேல் காற்று சுழன்றடிக்கும். கப்பலில் தொட்ட பிறகும் 'வேண்டாம்' என்று மேலே போகலாம். இங்கே பள்ளத்தாக்குக்குள் நன்றாக நுழைந்துவிட்ட பிறகு மனசை மாற்றிக்கொள்வது கஷ்டம். ஆகவே தீர்மானத்தை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

இங்கே முதன் முதலில் ஒரு விமானத்தைக் கொண்டுவந்து இறக்கியவர் விமானப் படையின் ஏர் கமடோர் மெஹர் சிங். 1948 மே 24-ஆம் தேதி. காஷ்மீர் யுத்த சமயம். லே நகரம் எதிரியிடம் விழுந்துவிடும் நிலை. சோனம் நோர்பு என்ற லடாக்கி எஞ்சினீயர் சிந்து நதிக் கரையில் மணலைச் சமன்படுத்தி ஓர் ஓடுபாதை அமைத்திருந்தார். மெஹர் சிங் ஓட்டியது டக்கோடா விமானம். அதற்குள் காற்றழுத்த வசதி கிடையாது. வழிகாட்ட வரைபடம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு ஜோஜி லா, போட்டு லா கணவாய்களைத் தாண்டிப் போய் இறங்கினார். வந்திருப்பது ஏதோ பெரிய பிராணி என்று நினைத்து ஊர் ஜனங்கள் அதற்குப் புல் கொண்டுவந்து போட்டார்களாம்! கதையோ நிஜமோ, அன்று வந்த படைதான் லேயைக் காப்பாற்றியது.

அந்தப் பரம்பரை அறுந்துவிடவில்லை. 2013 ஆகஸ்டு 20-ஆம் தேதி 16,614 அடி உயரத்தில் உள்ள தௌலத் பேக் ஓல்டியில், ஸூப்பர் ஹெர்குலிஸ் என்ற பெரிய சரக்கு விமானத்தை விமானப் படையினர் இறக்கினார்கள்.

வானத்தில் நேருக்கு நேர் போரிடும் திறமை வேறு. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் விமானத் தளத்தின் மேல் ஆறு பாகிஸ்தான் 'ஸேபர்' விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையிலிருந்தே சின்னஞ்சிறு 'நாட்' விமானத்தில் எழும்பினார் நிர்மல் ஜித் சிங் ஸெகோன். தனியாகப் போரிட்டு வீர மரணம் அடைந்தார். விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அன்றைய தினம் எது திறமை, எது தைரியம் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

ஒரு டின் மண்ணெண்ணெய்

தரைப்படைக்கும் விமானிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆதியில் இவர்கள் பீரங்கிப் படை அதிகாரிகள். சின்ன விமானத்தில் மேலே போய், குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக் கீழே சொல்வார்கள். 1986 நவம்பர் முதல் தேதி தனிப் பிரிவாக அமைந்தார்கள்.

இவர்களுடைய பரீட்சைக் கூடம் சியாச்சின் பனிப் பிரதேசம். அங்கே 21,000 அடி உயரத்தில் கூட ஹெலிகாப்டர் இறங்கும் இடம் இருக்கிறது. காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிகூட இல்லை. 'சீட்டா' என்ற சிறிய ஹெலிகாப்டரில் தரைப்படை விமானிகளும் விமானப் படை விமானிகளும் அங்கே போகிறார்கள். உச்சியில் இருக்கும் காவல் முகாமுக்கு ஒரு தடவையில் கொண்டுபோக முடிவது சில சமயம் ஒரே ஒரு டின் மண்ணெண்ணெய்தான். அதற்கு மேல் ஒரு கிலோ ஏற்றினாலும் யோசிக்க வேண்டும். மேலே போனதும் எஞ்சினை நிறுத்துவதில்லை. ஒரு நிமிஷத்துக்குள் சாமானைத் தள்ளிவிட்டு, நோயாளி இருந்தால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

நாம் அரிசி பருப்பை நிறுத்துப் போடுகிற மாதிரி, அந்த விமானி புறப்படுமுன் எடையைக் கணக்குப் பார்க்கிறார். அவருடைய தீர்மானம் தரையிலேயே, தராசிலேயே ஆகிவிடுகிறது.

ஒரே விமானம், இரண்டு உத்தியோகம்

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடற்படைக்காரர் சக்கரம் தளத்தைத் தொட்ட பிறகும் தீர்மானத்தைக் கையில் வைத்திருக்கிறார். மலையில் இறங்குகிறவர் பள்ளத்தாக்கின் வாசலிலேயே தீர்மானிக்கிறார். சியாச்சின் போகிறவர் கிளம்புமுன்பே தீர்மானிக்கிறார். எங்கே போய் இறங்க வேண்டுமோ, அந்த இடம்தான் விமானியை வடிக்கிறது.

நம் நாட்டில் தயாராகும் 'தேஜஸ்' விமானமே இதற்குச் சாட்சி. 2020 மே மாதம் சூலூரில் விமானப் படையின் 18-வது ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களுடன் மறுபிறவி எடுத்தது. அதே வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி தேஜஸின் கடற்படைத் தம்பியைக் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் 'விக்ரமாதித்யா' கப்பலில் இறக்கினார். அந்தத் தம்பிக்குக் கால் உறுதி அதிகம். வாலில் கொக்கி உண்டு. மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 90 மீட்டருக்குள் நின்றது. அதற்கு முன் பழகிப் பார்ப்பதற்காகக் கோவாவின் ஹம்ஸா தளத்தில், தரையிலேயே கப்பல் தளத்தைப் போல ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். 2022-ல் கொச்சியில் கட்டி முடித்த புதிய விக்ராந்திலும் 2023 பிப்ரவரியில் அது இறங்கிவிட்டது.

பேத்திக்கும் இடம் உண்டு

இதெல்லாம் பையன்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1994-ல் ஹரிதா கௌர் தேவல் விமானப் படை விமானத்தைத் தனித்து ஓட்டினார். 1999 கார்கில் யுத்தத்தில் குஞ்சன் ஸக்ஸேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் ஹெலிகாப்டரில் பறந்தார்கள். 2018-ல் அவனி சதுர்வேதி போர் விமானத்தைத் தன்னந்தனியே ஓட்டிவிட்டு வந்தார். கடற்படையில் 2019-ல் சிவாங்கியும், தரைப்படையில் 2022-ல் அபிலாஷா பாரக்கும் முதல் பெண் விமானிகள் ஆனார்கள். 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒன்று மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள். எந்தப் படையானாலும் விமானி ஆவதற்கான தகுதிப் பரீட்சை ஒன்றேதான். அதை ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தவறினால் மறு வாய்ப்புக் கிடையாது. மற்ற உத்தியோகத்துக்கு வழி உண்டு; விமானி ஆக வழி இல்லை. 'போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்' என்று அனுப்புகிற பரீட்சை அல்ல அது.

தாம்பரத்தில் கிடைக்கும் பதில்

பாட்டியின் கேள்விகளுக்கு என்ன பதில்? முதல் கேள்விக்கான பதில் சென்னையிலேயே, தாம்பரத்திலேயே இருக்கிறது. அங்கேதான் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளி இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்து, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானப் படை, கடற்படை, தரைப்படை, கடலோரக் காவல் படை எல்லாவற்றிலிருந்தும் தேர்ந்த விமானிகள் அங்கே ஒன்றாக வந்து மாணவர்களாக உட்காருகிறார்கள். பிறகு தத்தம் இடத்துக்குப் போய் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'நானா, நீயா' என்ற போட்டி சாப்பாட்டு மேஜையில் இருக்கலாம், பாடத்தில் இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் போக்மலோவில் அந்தப் பெரியவரே பதில் சொன்னார். "எதுலயும் ஆபத்து இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் அம்மா. ஆனா தளத்துல நின்னு எத்தனையோ பேர் இறங்கினதைப் பார்த்திருக்கேன். 'இப்போ வேண்டாம், இன்னொரு சுத்து வா'ன்னு கீழேயிருந்து சொன்னா, ரோஷப்படாம மேலே போறான் பாருங்க, அவன் ராத்திரி மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்துடுவான்."

பாட்டி பேரனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா, கண்ணு? சொன்ன பேச்சுக் கேக்கோணும்" என்றார். பையன் தலையை ஆட்டினான். விமானப் படையில் சேர்வானோ, கடற்படையில் சேர்வானோ, பாடத்தின் முதல் வரி அவனுக்குக் கிடைத்துவிட்டது.

தாம்பரம் பக்கம் குடியிருக்கும் நேயர்கள், காலை வேளையில் ஒரு சின்ன விமானம் இறங்குவது போல வந்து, இறங்காமல் மறுபடியும் மேலே ஏறிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 'இறங்கத் தெரியவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துவிடாதீர்கள். மிகவும் முக்கியமான வித்தையைத்தான் அங்கே பழகிக்கொண்டிருக்கிறார்கள்!